மடங்காத கத்தி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

சிலுவை என்னிடம் பேசியது கொஞ்சம். நான் சொல்லப் போனால் அது கூடிவிடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வார்த்தையைக் கூட்டி வைத்தால் அவர் சொன்னது கெட்டுப்போகுமோ, ஒன்றை விட்டுவிட்டால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பார்களோ என்று மூன்று மாதமாக வாயைத் திறக்கவில்லை.

நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவரிடம் கேட்டேன்.

"சாமி, பேனாக்கத்தி சேக்கணும்னா மொதல்ல எதை வாங்கணும்?"

அவர் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சிலுவைன்னு பேர் வச்சவனைப் போய்ச் சாமிங்குதீங்களே அக்கா," என்றார்.

அவர் கப்பலில் ஃபிட்டராக இருந்தவர். பதினெட்டு வருஷம். போன துறைமுகத்தில் எல்லாம் ஒரு மடக்குக் கத்தி வாங்கினார். இப்போது கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால், பழைய வலைக்கொட்டகையில் தனியாக இருக்கிறார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். எந்தக் கோயிலுக்கும் போகமாட்டார். இருந்தாலும் ஊர் அவரைக் கத்திச் சாமி என்றுதான் சொல்கிறது.

கேட்டவுடன் பதில் சொல்லாதவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்.

அன்றைக்கு அங்கே தனிஸ்லாஸ் சாரும் இருந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிலுவையைப் பார்த்து அவரும் கத்தி சேர்க்கத் தொடங்கி, இருபத்துமூன்று சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"உப்பளத்துக்காரிக்குக் கலெக்ஷனா?" என்று சிரித்தார். "சரி, வாங்குறதுதான் வாங்குத, பதினாறு சாமான் உள்ளதா வாங்கு. கத்தி, கத்தரிக்கோல், ரம்பம், முள்வாங்கி, பல்குச்சி வரைக்கும் இருக்கும். எண்ணிக்கை கூடக் கூடத்தான் மதிப்பு."

"சார் வீட்டுல பல்குச்சிக்கு அம்புட்டுக் கஷ்டம்," என்றார் சிலுவை.

பிறகு என்னைப் பார்த்தார்.

"எதுக்குக்கா சேக்கணும்?"

"ஆசையா இருக்கு."

அது பொய்.

எனக்கு ஒரே மகன். தவமணி. ஆறு வருஷம் வேண்டிப் பெற்றவன். உப்பு லாரியில் லோடுமேன் வேலை பார்க்கிறான். ஞாயிறு முதல் வெள்ளி வரை அவனைப் போல ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை மத்தியானம் குடித்துவிட்டு வந்து என்னை அடிப்பான். அவன் அப்பா இறந்த பிறகு ஆரம்பித்தது. முதலில் கையால். அப்புறம் கையில் கிடைத்ததைக் கொண்டு.

வீட்டில் அரிவாளும் அரிவாள்மணையும் அவன் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இருக்கின்றன. எனக்கு வேண்டியது இடுப்பில் மறைகிற ஒன்று.

கடையில் கேட்டால் யாருக்கு என்று கேட்பார்கள். மறுநாள் அவன் காதுக்குப் போகும். சிலுவையிடம் கேட்கலாம் என்றால், சும்மா கத்தி கேட்டுப் போகிறவர்களுக்கு அவர் கொடுக்க மாட்டார் என்று தெரியும். சேர்க்கிறவர்களுக்கு மட்டும் பெட்டியைத் திறப்பார்.

அதனால்தான் ஆசை என்றேன்.

சிலுவை உள்ளே போய் ஒரு சிவப்புக் கத்தியை எடுத்து வந்தார். விரல் நீளம்கூட இல்லை. ஒவ்வொன்றாக நகத்தால் இழுத்துக் காட்டினார். அலகு. கத்தரிக்கோல். முள்வாங்கி. துளை போடுகிற ஊசி. திருப்புளி.

"இது பாட்டில் திறக்க," என்றார்.

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"மொதக் கத்தியை வாங்கக் கூடாது. ஒரு வாரம் இரவல் கொண்டுபோகணும். எதையும் யோசிக்காம வச்சிருங்க. உங்க கை தானா எதைத் திறக்கோ, அதைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் எது வேணும்னு சொல்லுதேன்."

நான் கையை நீட்டினேன்.

அவர் கையில் தரவில்லை. பலகையில் வைத்தார்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்பார்கள். வைத்துத்தான் எடுக்க வேண்டும். கடல் கடந்து போய் வந்தவருக்கும் அது உண்டு போலிருக்கிறது.

நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அது என் சுருக்குப்பையில் இருந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே நிமிர்ந்து தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு திறந்து பழகுவேன். அலகை மட்டும். திறந்து, மூடி, திறந்து, மூடி. வெள்ளிக்கிழமைக்குள் கண்ணை மூடிக்கொண்டே திறக்க வந்துவிட்டது.

எதையும் வெட்டவில்லை.

சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வந்தான். தட்டின் முன் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தான்.

"கொழம்புல உப்பு இல்ல," என்றான்.

"இந்தா, போடுதேன்."

"உப்பளத்துல வேலை பாக்குதவ வீட்டுக் கொழம்புல உப்பு இல்ல." சிரித்தான். அவன் அப்பாவின் சிரிப்பு. சிரித்துக்கொண்டே தட்டை எறிந்தான்.

எழுந்து வந்தான். கை ஓங்கியிருந்தது.

பழகிய கை. சரியாகத் திறந்தது. எங்கே என்று பார்க்காமல் குத்தினேன்.

அவனுடைய பெல்ட் பக்கிளில் பட்டது. அலகு மடங்கியது. என் ஆள்காட்டி விரலை உள்ளே வைத்து மடங்கியது.

ரத்தத்தைப் பார்த்ததும் அவனுக்குப் போதை இறங்கிவிட்டது. "எம்மா, எம்மா," என்று சட்டையைக் கழற்றிக் கிழித்துக் கட்டினான். சைக்கிளில் உட்காரவைத்து கம்பவுண்டரிடம் கொண்டுபோனான். வழியெல்லாம் அழுதான்.

"என்னைக் குத்தவாம்மா வந்த?"



கம்பவுண்டர் எப்படி என்று கேட்டார். "மீன் அரியும்போது வெட்டிக்கிட்டாங்க," என்றான் அவன்.

மூன்று தையல்.

மறுநாள் ஞாயிறு. சிலுவை என் விரல் கட்டைப் பார்த்தார்.

"மீன் அரிஞ்சப்ப," என்றேன்.

"அவுத்துக் காட்டுங்க. பாப்போம்."

அவிழ்த்தேன். தையல் விரலின் உள்பக்கம் இருந்தது.

"மீன் அரிஞ்சா இந்தப் பக்கம் வெட்டாது அக்கா."

தன் வலது கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே விரல். அதே இடம். பழைய தழும்பு.

"இந்தக் கத்தி நறுக்குறதுக்குச் செஞ்சது. குத்துனா இப்படித்தான் மடங்கும்."

தனிஸ்லாஸ் சார் பிஸ்கட் டப்பாவை மூடினார்.

"யாரு?" என்றார் சிலுவை.

"மகன்."

"எனக்குத் தம்பி."

தன் தழும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். 

நான் கத்தியைப் பலகையில் வைத்தேன்.

"எனக்கு இது வேண்டாம் சாமி. நேத்து அவன் அழுத அழுகையை நீங்க பாக்கல. சட்டையைக் கிழிச்சுக் கட்டுனான். இனிமே என்னைத் தொடமாட்டான்."

"சரி."

"நெசமாத்தான் சொல்லுதேன்."

"அடுத்த சனிக்கிழமை போகட்டும் அக்கா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வீடு போகும்வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை விரலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். உப்புத்தண்ணீருக்குப் பிளாஸ்டிக் ஒரு தடையா. உள்ளே போய்விட்டது. அந்த எரிச்சலைச் சொல்லத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாரினேன்.

ராத்திரி சோறு பிசைய முடியாமல் நான் கரண்டியால் சாப்பிடுவதைத் தவமணி பார்த்தான். வியாழக்கிழமை ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வந்தான். நீல நிறம். முழங்கை வரைக்கும் வருவது.

"போட்டுப் பாரும்மா."

போட்டுப் பார்த்தேன்.

"டாக்டரம்மா மாதிரி இருக்க," என்றான்.

நல்ல கையுறை. உப்பில் போட்டால் பத்து நாளில் வெளுத்துவிடும். புதுசாகவே இருக்கட்டும் என்று துடைத்து, தாளில் சுற்றி, பெட்டியில் என் கல்யாணச் சேலைக்கு மேலே வைத்தேன்.

சனிக்கிழமை அதற்காகத்தான் அடித்தான்.

"நான் வாங்கிக் குடுத்ததை ஏன் போடல?"

"புதுசுய்யா. வீணாப் போயிரும்னு..."

"நான் வாங்கிக் குடுத்தா உனக்குக் கசக்குதோ?"

பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டினேன். தாளைப் பிரித்துக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை. அன்றைக்குச் சைக்கிள் பம்பு கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னால் இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு வலைக்கொட்டகைக்குப் போனேன்.

தனிஸ்லாஸ் சார் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சாமி, மடங்காத கத்தி எது?" என்றேன்.

சிலுவை என் கண்ணைப் பார்த்தார்.

"கலெக்ஷனுக்கு இல்ல. பொய் சொல்லிட்டேன். மடங்காததா ஒண்ணே ஒண்ணு குடுங்க. போதும்."

"எம்மா," என்றார் தனிஸ்லாஸ் சார். குரல் தணிந்திருந்தது. "போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லலாம்லா?"

"புள்ளையைப் பிடிச்சுக் குடுக்கவா சார்?"

"குத்துனா மட்டும்?"

  பிடித்துக் கொடுக்க முடியாது என்பது தெரிந்தது. குத்திவிடுவேன் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தன என்று கேட்டால் என்ன சொல்வேன்.

சிலுவை எழுந்தார்.

நான் போன வாரம் வைத்துவிட்டுப் போன சிவப்புக் கத்தி பலகையில் அதே இடத்தில் கிடந்தது. எடுத்தார். அலகை மட்டும் திறந்தார். கொட்டகை மூலையில் ஒரு வைஸ் இருந்தது. அலகை அதன் வாயில் கொடுத்து இறுக்கினார்.

"ஏ சிலுவை," என்றார் தனிஸ்லாஸ் சார். "அது ஹாம்பர்க்ல வாங்குனது. ஒன்னோட மொதக் கத்தி."

சிலுவை சுத்தியலை எடுத்தார்.

ஒரே அடி. அலகு ஒடிந்து தரையில் விழுந்தது.

கத்தியில் மிச்சமிருந்த முனையை அரம் வைத்து ராவினார். அவசரமில்லாமல் ராவினார். கட்டை விரலால் தடவிப் பார்த்தார். மறுபடி ராவினார். சார் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு சிலுவை என்னிடம் வந்தார்.

பலகையில் வைக்கவில்லை. என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்தார்.

"இனி மடங்காது."

எனக்கு அழுகை வந்தது. பரிகாசம் செய்கிறார் என்று நினைத்தேன்.

"இதை வச்சு நான் என்ன செய்ய சாமி?"

"சனிக்கிழமை உங்களுக்கு வேலை எப்ப முடியும்?"

"பன்னெண்டுக்கு."

"அவன் எப்ப வாரான்?"

"ரெண்டு மணிக்கு."

"அப்ப ரெண்டு மணி நேரம் இருக்கு," என்றார்.

அவ்வளவுதான். போய் ஒடிந்த அலகைப் பொறுக்கினார்.

அந்த வாரம் நான் அந்தக் கத்தியைத் தொடவில்லை. சுருக்குப்பையில் கல் மாதிரி கிடந்தது. அலகில்லாத கத்தியைக் கொடுத்து அனுப்பிவிட்டாரே என்று பொருமிக்கொண்டே இருந்தேன். தவமணி திங்கட்கிழமை என் கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை சாளை மீன் வாங்கி வந்து அவனே கழுவினான். நான் கையுறையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அதைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷம்.

நாள் போகப் போக எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு வீட்டுக்கு வந்தேன். குழம்பு வைத்தேன். உப்பை மூன்று தடவை பார்த்தேன். வேறு வேலை இல்லை. மணி ஒன்று.

உட்கார்ந்து கத்தியை எடுத்தேன்.

கை பழக்கத்தில் அலகைத் தேடியது. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.

அடுத்ததை இழுத்தேன். கத்தரிக்கோல். ஜாக்கெட்டில் தொங்கிய நூலை வெட்டினேன்.

முள்வாங்கி. குதிகாலில் பல நாளாக ஒரு முள் இருந்தது. பிடித்து எடுத்தேன். சின்ன முள்தான். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது திருப்புளி.

அதை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இதற்கு என் வீட்டில் என்ன இருக்கிறது. இரண்டு தட்டுமுட்டுச் சாமான், ஒரு பெட்டி, ஒரு ஃபேன். அடுப்படியை ஒட்டி ஒரு சின்ன அறை. அரிசி, விறகு, மழைக்கு ஒதுக்கின சாக்கு எல்லாம் அதற்குள் கிடக்கும். பூனை போகாமல் இருக்க அதன் கதவில் வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாள்.

தாழ்ப்பாளில் நான்கு ஸ்க்ரூ.

போய்த் திருப்புளியை முதல் ஸ்க்ரூவில் வைத்தேன். பொருந்தியது.

 நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் செய்திருக்க மாட்டேன். பெற்ற பிள்ளைக்கு எதிரே கதவு.

மூன்று சுலபமாகக் கழன்றன. நான்காவது துருப்பிடித்திருந்தது. தையல் போட்ட விரலால் அழுத்த முடியாமல் இடது கையால் திருகினேன். தலை தேய்ந்ததே தவிரக் கழலவில்லை. தேங்காயெண்ணெய் விட்டேன். மணி ஒன்றரை. மறுபடி திருகினேன். கழன்றது.

நிலையில் தாழ் நுழைகிற கொண்டியையும் கழற்றினேன். இரண்டையும் உள்பக்கமாக வைத்து, ஊசியால் துளை போட்டேன். நல்ல பழைய மரம். ஊசி மெல்ல மெல்லத்தான் இறங்கியது. கொண்டியை மாட்டினேன். தலை தேய்ந்த ஸ்க்ரூவைத் தூர வைத்துவிட்டு, தாழ்ப்பாளை மூன்றோடு மாட்டினேன்.

தெருமுனையில் அவன் சைக்கிள் சத்தம் கேட்டது. செயின் கவரில் உரசிக்கொண்டே வரும்.

குழம்பை இறக்கி, தட்டை வைத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்து, உப்பு டப்பாவையும் வைத்தேன். அரிவாளை எடுத்துக்கொண்டேன். அவன் கைக்கு எட்டும்படி வெளியே விட்டுவைக்கக் கூடாது என்று தோன்றியது. அறைக்குள் போனேன். தாழ்ப்பாளைப் போட்டேன்.

"எம்மா."

சாப்பிடுகிற சத்தம் கேட்டது. தட்டு உருண்டது.

"எம்மா, எங்க போன?"

கதவைத் தள்ளிப் பார்த்தான். அது திறக்கவில்லை. அவனுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு உதைத்தான். கத்தினான். தெருவே கேட்கும்படி என் பெயரைச் சொல்லிக் கத்தினான். பெற்ற தாயைச் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னான். ஒவ்வொரு உதைக்கும் நான் மூன்று ஸ்க்ரூவையும் பார்த்தேன். அரிவாளை விறகுக்கு அடியில் தள்ளிவிட்டு, அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

உதை நின்றது.

அவன் கதவில் சாய்ந்து உட்கார்ந்ததைக் கேட்டேன். பலகை கிரீச்சிட்டது. அவன் முதுகுக்கும் என் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

ரொம்ப நேரம் கழித்து, குரல் தெளிந்து கேட்டான்.

"எம்மா. நீ சாப்பிட்டியா?"

காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை.

"சாப்பிட்டேன்யா," என்றேன்.

தாழ்ப்பாளைத் தொடவில்லை.